இரண்டு முழம் முன்னால்

தெனிங் ஃபாயின் வீட்டுக்குள் நுழைவது அவ்வளவு சுலபமில்லை. வாசலில் நாய் கிடையாது. கதவுக்குத் தாழ்ப்பாள்கூட ஒழுங்காக விழாது. ஆனால் முற்றத்தில் தெனிங் உட்கார்ந்திருப்பாள். கண்ணில் கேமரா, இடது கை லென்ஸுக்கு அடியில். தபால் ஆபீஸ் வேலை முடிந்து அவள் புருஷன் வாலி தெருக்கதவைத் திறந்தால் போதும், அவள் உதடு முணுமுணுக்கத் தொடங்கிவிடும்.

"பன்னெண்டு... பதினொண்ணு... பத்தரை..."

வாலி தங்கமான மனிதர். இருபது வருஷமாக இப்படித்தான் வீட்டுக்குள் வருகிறார். பாதி முற்றத்தில் நின்று கேட்பார்: "என்ன, தெளிவா இருக்கேனா? உள்ள வரலாமா?"

"ரெண்டடி பின்னால போயிட்டு மறுபடி வாங்க."

போவார், வருவார். கேமராவில் ஃபிலிம் இருக்காது என்று அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டுப் பெண்கள் புருஷன் வந்ததும் தண்ணீர் கொடுப்பார்கள். இவள் ஃபோகஸ் வைப்பாள். அவருக்கு அதில் ரகசியமாக ஒரு பெருமையும் உண்டு. அந்தத் தெருவில் வேறு எந்தப் புருஷனை அவன் பெண்டாட்டி தினமும் இத்தனை உற்றுப் பார்த்தாள்?

வாலி வராத நேரத்தில் ஆடுகள் வரும். டாக்கர் நகரத்து ஆடுகள் நேர்கோட்டில் நடக்காது. அதனால் பயிற்சிக்கு மிகவும் நல்லவை. பஸ்ஸில் போகும்போது கேமராவை வெளியே எடுக்க முடியாதே என்று தெனிங் வருத்தப்பட்டது கிடையாது. ஜன்னல் வழியாக ஒரு கடலைக்காரியைப் பார்ப்பாள், "எட்டு" என்பாள், மடியில் கிடக்கும் இடது கை விரல்கள் தானாக எட்டு மீட்டருக்குத் திரும்பும். பக்கத்து சீட்டுக்காரர்கள் இவளுக்கு ஏதோ வலிப்பு என்று நினைத்து நகர்ந்து உட்காருவார்கள். உட்கார இடம் கிடைத்தால் நல்லதுதானே என்று அவளும் விட்டுவிடுவாள்.

இவ்வளவு பாடும் ஞாயிற்றுக்கிழமைக்காகத்தான். தெனிங் ஒரு விளையாட்டுப் பத்திரிகையின் போட்டோக்காரி. ஞாயிறு சாயந்திரம் மணல் அரங்கில் மல்யுத்தம் நடக்கும். மூன்று மணி நேரம் மேளம், ஆட்டம், உடம்பெல்லாம் தாயத்து, தலையில் குடம் குடமாகப் பால். அப்புறம் சண்டை. அது முடிய மூக்குச் சிந்தும் நேரம் போதும். எவன் முதுகு மணலில் படுகிறதோ அவன் தோற்றான். அந்த விழும் நொடியைத்தான் திங்கட்கிழமை காலையில் ஊர் முழுக்கப் பத்திரிகையில் பார்க்க வேண்டும். அரங்கில் நேரில் பார்த்தவன்தான் முதலில் வாங்குவான். ஏனென்றால் அவன் அந்த நொடியில் கடலை உரித்துக்கொண்டிருந்திருப்பான்.

அவள் லென்ஸ் பழசு. தானாக ஃபோகஸ் பிடிக்கும் வித்தையெல்லாம் அப்போதுதான் ஊருக்குள் வந்துகொண்டிருந்தது. இந்த லென்ஸுக்கு அது தெரியாது. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், அதைத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். சண்டை நடக்கும்போது பொழுது சாய்ந்துவிடும். லென்ஸின் வாயை முழுக்கத் திறந்தால்தான் வெளிச்சம் போதும். முழுக்கத் திறந்தாலோ, பத்து மீட்டர் தூரத்தில் ஒரு முழ ஆழத்துக்கு மட்டும்தான் படம் தெளிவாக விழும். அந்த முழத்துக்கு முன்னாலும் மங்கல், பின்னாலும் மங்கல். நூற்றிருபது கிலோ ஆட்கள் இரண்டு பேர் ஓடிப் பிடித்துப் புரளும்போது அந்த ஒரு முழத்தை அவர்கள்மேல் போர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற போட்டோக்காரர்கள் வளையத்தை இந்தப் பக்கம் திருப்பி, தாண்டி, திரும்பி வந்து தேடுவார்கள். தெனிங் தேடமாட்டாள். தூரம் கண்ணில் பட்டதும் விரல் அங்கே போய் நிற்கும். ஊரில் அவளுக்கு 'விரல்' என்றே பட்டப்பெயர்.

அப்பேர்ப்பட்ட விரலுக்குத்தான் இப்போது ஏதோ ஆகியிருந்தது.

போன ஞாயிறும் அதற்கு முந்தின ஞாயிறும் விழுந்த படங்கள் மங்கல். கொஞ்சநஞ்சமில்லை, நல்ல மங்கல். பத்திரிகை ஆசிரியர் சிகா மேடம் இரண்டாவது படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"தெனிங், இது மல்யுத்தமா, இல்ல ரெண்டு தலகாணிக்குள்ள சண்டையா?"

தெனிங் படத்திலிருந்த அந்த மங்கலான ஆட்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு உம்மேல பிரியம் உண்டு. நீயும் செரெர், நானும் செரெர், ஒரே இனத்து ஜனம். ஆனா மூணாவது வாரமும் இப்படின்னா மணல் பக்கம் வேற ஆளை அனுப்பிடுவேன். நீ கருத்தரங்குக்குப் போ."

கருத்தரங்கு! ஹோட்டல் ஹாலில் குளிரூட்டி ஓடும். மந்திரி பேசுவார், இன்னொரு மந்திரி கைதட்டுவார். யாரும் நகரமாட்டார்கள். காலையில் ஒரு தடவை ஃபோகஸ் வைத்தால் மதியச் சாப்பாடு வரைக்கும் போதும். தெனிங்குக்கு அதை நினைத்தாலே இடது கை மரத்துப்போனது. நாற்பத்தொன்பது வயது அவளுக்கு. மணலோரத்தில் முட்டி போட்டு உட்காரும் அந்த ஒரு முழ இடத்தைத் தவிர இந்த உலகத்தில் தனக்கென்று அவள் எதையும் கேட்டதில்லை. அது போய்விட்டால் என்ன செய்வதென்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. விஷயம் இதுதான்: விரல் முதலில் ஓரிடத்தில் போய் நிற்கிறது. கேமராவுக்குள் பார்த்தால் ஆள் மங்கலாகத் தெரிகிறான். கொஞ்சம் திருப்பினால்தான் தெளிகிறான். அப்படித் திருத்தித் திருத்தி எடுத்த படம்தான் கடைசியில் மங்கலாக வந்தது. விரலுக்கு வயசாகிவிட்டது, கண்ணும் கூடச் சேர்ந்து காலை வாருகிறது என்று அவள் முடிவுகட்டிவிட்டாள். வாலியை ஒரு நாளைக்கு நாலு தடவை தெருவுக்கு அனுப்பித் திரும்ப வரச் சொன்னாள். மனிதர் கால் வீங்கியதுதான் மிச்சம்.

மூன்றாவது ஞாயிறு வந்தது. உலக்கை மொமாருக்கும் படகு இத்ரீசாவுக்கும் சண்டை. அந்த வருஷத்துப் பெரிய சண்டை அதுதான். தெனிங் மணல்மூட்டை வரிசைக்கு வெளியே தன் இடத்தில் முட்டி போட்டதும் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"வந்துட்டாளா நம்ம அடிமை! எஜமான் வந்து ஒரு மணி நேரம் ஆச்சு, காபி எங்கடி?"

அது லன்சானா ஜாட்டா. போட்டிப் பத்திரிகையின் போட்டோக்காரன். பதினோரு வருஷமாக அவள் இடப்பக்கத்தில் உட்காருகிறவன்.

தெனிங் செரெர், ஜாட்டா ஜோலா. அந்த ஊரில் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். நம் பக்கம் மாமன் மச்சானுக்குள் ஒரு கேலி உரிமை இருக்கிறதே, அது அங்கே ஒரு இனத்து ஜனம் முழுசுக்கும் இன்னொரு இனத்து ஜனம் முழுசுக்கும் இடையே உண்டு. எங்கே பார்த்தாலும் ஒருவரை ஒருவர் அடிமை என்பார்கள். ஜோலாவை அரிசி மூட்டை என்றும் செரெரைக் கம்புதின்னி என்றும் கேலி செய்வார்கள். அவர் தட்டிலிருந்து இவர் மீனை எடுத்துத் தின்னலாம். கொடுத்ததை வாங்காமல் இருக்கக் கூடாது, கேட்டதைக் கொடுக்காமல் இருக்கக் கூடாது, கோபம் மட்டும் வரவே கூடாது. ஒருவர் சொல்வதை மற்றவர் நம்பவும் கூடாது. நம்பினால் நம்பினவர்தான் ஏமாளி.

"அரிசி மூட்டைக்கெல்லாம் காபி எதுக்குடா? தண்ணி ஊத்தினா ஊறிடுவே" என்றாள் தெனிங். வாய் பேசியதே தவிர மனசு அதில் இல்லை.

"கம்பு தின்னு தின்னு உனக்குக் கண்ணு போச்சு. போன வாரம் உன் படத்தப் பாத்தேன். அந்த நடுவர் எவ்வளவு அழகு! சட்டைப் பொத்தான எண்ணலாம். முந்தின வாரமும் அதே நடுவர்தான். என்ன, அவர்மேல ஆசையா? வாலிக்குத் தெரியுமா?"

"உன்ன மாதிரி மூஞ்சியப் பக்கத்துல வெச்சிக்கிட்டு இருந்தா யாரைப் பாத்தாலும் ஆசை வரும்."

பின்னால் கடலை விற்றுக்கொண்டிருந்தவள் சிரித்தாள். ஜாட்டா மட்டும் சிரிக்கவில்லை. அதை தெனிங் கவனித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவள் கவனிக்கவில்லை.

மேளம் சூடுபிடித்தது. உலக்கை மொமார் ஆடிக்கொண்டே வந்து மூன்று குடம் பாலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டான். அதில் அரைக் குடம் போட்டோக்காரர்கள்மேல் விழுந்தது. எல்லாரும் லென்ஸைத் துடைத்தார்கள். ஜாட்டாவின் கேமராவை அவன் பத்திரிகை போன மாதம்தான் வாங்கிக் கொடுத்திருந்தது. தானே ஃபோகஸ் பிடிக்கும் மெஷின். கிர்ர் என்று ஒரு சத்தம், தெளிந்துவிடும். அந்தக் கிர்ருக்குள் தேசத்தின் முன்னேற்றமே அடங்கியிருப்பதுபோல ஜாட்டா அதை எல்லாருக்கும் கேட்கவைப்பான்.

"சொல்றதக் கேளு. ரெண்டு முழம் முன்னால ஃபோகஸ் வெய்யி" என்றான் ஜாட்டா, லென்ஸைத் துடைத்துக்கொண்டே.

"எதுக்கு?"

"உன் கேமராவுக்குள்ள ஏதோ நகர்ந்திருக்கு. நீ பாக்கறது ஒண்ணு, ஃபிலிம்ல விழறது ஒண்ணு."

தெனிங் கடகடவென்று சிரித்தாள். இதே ஆள்தான் ஒரு தடவை 'உன் லென்ஸ் மூடி கழட்டல' என்று கத்தி, அவள் குனிந்து பார்த்த நேரத்தில் படத்தை அடித்துக்கொண்டு போனவன். இன்னொரு தடவை, பத்திரிகை ஆசிரியர் பின்னால் நிற்கிறார் என்று சொல்லி அவளை எழுந்து நின்று ஓர் ஆட்டுக்கு வணக்கம் சொல்லவைத்தவன். அவளும் சும்மா இருந்ததில்லை; இவனுடைய ஃபிலிம் பெட்டிக்குள் வேர்க்கடலை போட்டு வைத்திருக்கிறாள்.

"சத்தியமாச் சொல்றேன்."

"உங்க ஊர்ல சத்தியம் கிலோ என்ன விலை?"

"எங்கம்மா மேல சத்தியம்."

"போன மாசம் உங்கம்மா மேல சத்தியம் பண்ணித்தான் எனக்கு மாங்காய்ல மொளகாய வெச்சுக் குடுத்தே."

மல்லர்கள் இருவரும் நடுவட்டத்துக்கு வந்துவிட்டார்கள். நடுவர் விசிலை வாயில் வைத்தார். தெனிங் கேமராவைத் தூக்கினாள். அப்போது ஜாட்டா அவள் முழங்கையைத் தொட்டான்.

"தெனிங் அக்கா" என்றான். "கொஞ்சம் கேளுங்க."

தெனிங் திரும்பி அவனைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் இந்த வாயிலிருந்து அவள் பெயர் வந்ததே இல்லை. அக்கா என்றதில்லை. நீங்க என்றதில்லை. அவள் வீட்டு விருந்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுக்கூட 'அடிமை வீட்டுச் சோத்துல உப்பு கம்மி' என்று போனவன்.

"யாரு... யாரு செத்தது?" என்றாள். கேமரா மடியில் இறங்கிவிட்டது. "வாலிக்கு ஏதாச்சுமா? சொல்லுடா!"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலக்கா. ரெண்டு வாரமும் உங்க படத்துல நடுவர்தான் தெளிவு. ஆளுங்களுக்கு ரெண்டு முழம் பின்னால நிக்கிறவர். ரெண்டு வாரமும் அதே அளவு தப்பு. விரல் தப்புப் பண்ணினா ஒரு வாரம் முன்னால போகும், ஒரு வாரம் பின்னால போகும். கேமராதான் ஒரே மாதிரி தப்புப் பண்ணும். எப்பவாச்சும் பிரிச்சீங்களா?"

பிரித்திருந்தாள். மூன்று வாரத்துக்கு முன்னால் உள்ளே மணல் போய்விட்டது என்று சந்தையில் ஒரு ரிப்பேர்காரனிடம் கொடுத்தாள். அவன் உள்ளேயிருந்து, ஃபோகஸ் பார்க்கும் கண்ணாடித் தகட்டை எடுத்து, ஊதி, துடைத்து, திரும்ப மாட்டினான். அதற்கடியில் இருந்த ஒரு மெல்லிய பித்தளைத் தகட்டை திரும்ப வைத்தானா? அவள் பார்க்கவில்லை. நகக்கண் அளவு விலகினாலும் கேமராவுக்குள் தெரிவதும் ஃபிலிமில் விழுவதும் வேறுவேறு ஆகிவிடும். இவ்வளவு தெரிந்தவள், மங்கலாக வந்த ஆட்களையே பார்த்து அழுதுகொண்டிருந்தாளே தவிர, அதே படத்தில் எது தெளிவாக இருக்கிறது என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அப்படியென்றால் விரல் சரி. முதலில் போய் நின்ற இடம்தான் சரி. கண்ணாடித் தகடு பொய் சொன்னது, அவள் அதை நம்பி விரலைத் திருத்தினாள். சொந்தக் கையை அநியாயமாகச் சந்தேகப்பட்டு, பாவம், வாலியையும் நடக்கவைத்து!

இல்லை, இதெல்லாம் ஜாட்டாவின் புதுத் தந்திரமோ? பெரிய சண்டை, போட்டிப் பத்திரிகை. இரண்டு முழம் தள்ளி வைக்கச் சொல்லி அவளைக் கவிழ்த்துவிட்டால் நாளைக்கு ஊரே அவன் படத்தைத்தான் பார்க்கும். அவளுக்கு ஹோட்டல் ஹால். கிண்டலுக்காகப் பொய் சொல்கிறவன்தான் இவன். ஆனால் கிண்டலுக்காகக்கூட மரியாதையாகப் பேசாதவனும் இவன்தான்.

விசில் ஒலித்தது.

இருவரும் சுற்றி வந்தார்கள், கையை முன்னால் நீட்டி, பூனைகள் போல. தெனிங் கேமராவுக்குள் பார்த்தாள். விரல் பத்தில் போய் நின்றது. உள்ளே மொமார் மங்கல், இத்ரீசா மங்கல். திருத்து, திருத்து என்று கண் கெஞ்சியது. முப்பது வருஷமாக மங்கலைக் கண்டால் விரல் தூங்காது. இப்போது அந்த விரலை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்து வைக்க வேண்டியிருந்தது. கடைசியில் கண்ணை நம்பினால்தானே தொல்லை என்று, வலது கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு, இடது கண்ணையும் திறந்துவிட்டாள். வலது கண் படத்தின் ஓரங்களைப் பார்க்கட்டும், யார் எங்கே நிற்கிறான் என்று மட்டும் சொல்லட்டும். தூரத்தை இடது கண் சொல்லும்.

ஒன்பது. விரல் போனது. எட்டரை. பதினொன்று. இத்ரீசா மணலை அள்ளி எறிந்தான். மொமார் அவன் இடுப்புத் துணியைப் பிடித்துவிட்டான். எட்டு. ஏழரை. இருவரும் அவளை நோக்கித்தான் வருகிறார்கள். உள்ளே எல்லாம் கஞ்சிபோல் கலங்கிக் கிடந்தது. தெனிங் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஏழு. இத்ரீசாவின் கால் மேலே போனது.

ஒரு படம் அடித்தாள். இன்னொன்று அடித்தாள்.

மணல் தூசு எழுந்து மறைத்தது. அரங்கமே எழுந்து கத்தியது. மொமார் மேலே, இத்ரீசா கீழே. அப்போதுதான் தெனிங்குக்குப் பக்கத்தில் கிர்ர், கிர்ர், கிர்ர் என்று சத்தம் காதில் விழுந்தது. விழும் நேரத்தில் நடுவர் குறுக்கே ஓடியிருக்கிறார். ஜாட்டாவின் மெஷின் அவரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விட்டு, மணல் தூசைப் பிடித்தது. தூசை விட்டு, எதிர்ப்பக்கத்து மேளக்காரரைப் பிடித்தது. சண்டைக்காரர்களைத் தவிர எல்லாரையும் பிடித்தது.

ஜாட்டா கேமராவை இறக்கி அதன் முகத்தையே பார்த்தான்.

"எத்தனை?" என்றாள் தெனிங்.

"நடுவர் முதுகு, நாலு படம்" என்றான் ஜாட்டா. "நல்ல முதுகு."

ராத்திரி எட்டுக்குள் படம் மேஜைக்குப் போக வேண்டும். பத்திரிகை ஆபீசின் இருட்டறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. தெனிங் தட்டில் காகிதத்தை ஆட்டிக்கொண்டே மூச்சுவிடாமல் நின்றாள். முதலில் ஒரு நிழல். அப்புறம் தோள். அப்புறம் இத்ரீசாவின் புஜத்தில் கட்டியிருந்த தாயத்து, அதன் நூல், நூலின் முறுக்கு. ஒவ்வொரு மணலும் தனித்தனியாக எழுந்து நின்றது. தெனிங் ஈரக் கையோடு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், கொஞ்சம் மருந்து கண்ணில் பட்டதாலும்.

கதவுக்கு வெளியே ஜாட்டா படியில் உட்கார்ந்திருந்தான். அவன் பத்திரிகை எதிர்த்தெருவில்தான். அங்கே போகாமல் இங்கே உட்கார்ந்திருந்தான்.

"வந்திச்சா?" என்றான்.

"வந்திச்சு."

"பரவாயில்லையே. குருட்டு ஆடும் ஒரு நாள் கொழையக் கண்டுபிடிச்சிருக்கு."

தெனிங் கதவில் சாய்ந்து நின்றாள். நன்றி என்ற சொல் தொண்டைவரை வந்தது. ஜோலாவுக்கு நன்றி சொன்ன செரெர் ஒருத்தி உண்டு என்று ஊரில் தெரிந்தால் அப்புறம் தலைநிமிர முடியாது. அவள் அதை விழுங்கிவிட்டு வேறொன்று கேட்டாள்.

"ஏண்டா சொன்னே? சும்மா இருந்திருந்தா நான் போயிருப்பேன். ஓரம் முழுக்க உனக்குத்தான்."

ஜாட்டா செருப்பிலிருந்து மணலைத் தட்டினான். "நீ போயிட்டா ஞாயித்துக்கிழமை நான் யாரைத் திட்டறது? புதுசா எவனாச்சும் வருவான். வணக்கம் சார்னு சொல்லுவான். அந்தக் கொடுமைய யாரு தாங்கறது?"

தெனிங் உள்ளே போனாள். அடுத்தடுத்து இரண்டு படங்கள் இருந்தன. ஒன்றில் இத்ரீசாவின் முதுகு மணலில் நன்றாகப் பதிந்திருந்தது, மொமார் மேலே. இன்னொன்று அதற்கு ஒரு நொடி முந்தையது. முதுகுக்கும் மணலுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. ஆசிரியருக்கு விழுந்த படம் வேண்டும். அதனால் விழுந்ததை வைத்துக்கொண்டாள். விழப்போவதைச் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து ஜாட்டாவின் மடியில் போட்டாள்.

"என்னது இது?"

"அடிமைக்கு எஜமானி போடற சோறு. வேணாம்னு சொல்லக் கூடாது. சாப்ட்டுட்டுப் போடா."

வேண்டாமென்று சொல்ல அவனுக்கு வழியில்லை. வழக்கம் அப்படி. ஜாட்டா படத்தைப் பார்த்தான், தெனிங்கைப் பார்த்தான், வாயைத் திறந்தான். ஒரு வசவும் வரவில்லை. எழுந்து எதிர்த்தெருவுக்கு ஓடினான்.

திங்கட்கிழமை காலையில் சிகா மேடத்தின் மேஜைமேல் இரண்டு பத்திரிகைகள் கிடந்தன. தெனிங் உள்ளே போனதும் மேடம் அவள் படத்தைத் தட்டினாள்.

"தெளிவா இருக்கு. தப்பிச்சே. மணலோரம் உனக்குத்தான், கருத்தரங்குக்கு வேற ஆளப் பாக்கறேன்."

தெனிங்குக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. ஆனால் மேடம் முடிக்கவில்லை. எதிராளி பத்திரிகையை விரித்து அவள் முன்னால் நீட்டினாள்.

"ஆனா இதப் பாரு. ஜாட்டா எடுத்தது. முதுகுக்கும் மண்ணுக்கும் ஒரு விரக்கடை. பாத்ததும் எனக்கே மூச்சு நின்னுபோச்சு. பஸ்ல வரேன், எல்லார் கையிலயும் இதான். உன்னுது விழுந்த ஆளு. இது விழற ஆளு. தாயத்து நூலக்கூட எண்ணலாம். இந்த மாதிரி ஃபோகஸ் வெக்க எப்போ கத்துக்கப் போறே?"

தெனிங் பத்திரிகையை வாங்கிப் பார்த்தாள். படத்துக்குக் கீழே 'ல. ஜாட்டா' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தன் விரல் எடுத்த படத்தையே உதாரணமாகக் காட்டித் திட்டு வாங்கின போட்டோக்காரி அந்த ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

அந்தச் சமயத்தில் கதவைத் தட்டாமல் ஜாட்டா உள்ளே வந்தான். ராத்திரி தூங்கவில்லை என்று முகமே சொன்னது. வழியில் எத்தனை பேர் கைகுலுக்கினார்களோ.

"மேடம், ஒரு உண்மை சொல்லணும்" என்றான். "இந்தப் படம் என்னுது இல்ல. தெனிங் அக்கா எடுத்தது. எனக்கு ஒண்ணும் விழல. பாவம்னு அவங்கதான் குடுத்தாங்க. உங்க பத்திரிகையில போடுங்க."

சிகா மேடம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அவள் தோள் குலுங்கியது, வயிறு குலுங்கியது, நாற்காலியே குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வர வர மேஜையைத் தட்டிச் சிரித்தாள். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"இவன் படம் இல்லையாம்! தெனிங் குடுத்தாளாம்! அக்காவாம்!" என்றாள் அவர்களைப் பார்த்து. "டேய் ஜோலாப் பயலே, என் வயசுக்கு எத்தனையோ ஜோலா புளுகு கேட்டிருக்கேன். இத அடிச்சிக்க ஒண்ணும் இல்லடா."

"மேடம், எங்கம்மா சத்தியமா..."

"அம்மாவயும் கூப்டுறான் பாரு!"

ஜாட்டா தெனிங்கைத் திரும்பிப் பார்த்தான். பரிதாபமான பார்வை. உண்மை பேசுவது இவ்வளவு கஷ்டம் என்று அவனுக்கு இதுவரை தெரிந்திருக்காது. தெனிங் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். சிரிப்பு வந்தால் எல்லாம் கெட்டுவிடும்.

மேடம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். குரலில் மறுபடி ஆசிரியர் வந்துவிட்டார்.

"தெனிங், இதோ பாரு. இவன் வாய நம்பாதே, கையப் பாரு. இனிமே எந்த ஞாயித்துக்கிழமையும் நீ இவன் பக்கத்தை விட்டு நகரக் கூடாது. ஒட்டி உக்காந்து கத்துக்க. இது என் உத்தரவு."

"சரிங்க மேடம்" என்றாள் தெனிங்.